குதிரைக்கறிப் பங்கில் வந்த கணினி

"போனது ஒரு கண்ணு. கை ரெண்டும் இருக்கு, காலு ரெண்டும் இருக்கு. அப்புறம் எதுக்கு என்னை அடுப்பு மூலையில உட்கார வெச்சீங்க?"

காலையில் சம்சாவுக்கு மாவு பிசையும்போதெல்லாம் அனார்கான் இதைத்தான் சொல்வாள். கேட்க ஆள் இருந்தாலும் சொல்வாள், இல்லாவிட்டால் மாவிடம் சொல்வாள். புருஷன் தெமிர்குல் தேநீரின் கடைசி மடக்கை விழுங்கிவிட்டு, "நானா வெச்சேன்? டாக்டரைப் போய்க் கேளு" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பத்தொன்பது மாதமாக அதே கேள்வி, அதே பதில்.

கண் போனதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. விறகு பிளக்கும்போது ஒரு சிராய் தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது. அதற்கு முன்னால் பதினாலு வருஷம் சொந்த ஊர் காரா-பல்தாவிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டியவள் அவள். அந்தத் தடத்தில் இருபத்தேழு வேன். ஓட்டுகிறவர்களில் பெண் அவள் ஒருத்திதான். வழியில் சாலையை ஒட்டி ஒரு பெரிய கபர்ஸ்தான் வரும், முஸ்லிம்களின் இடுகாடு. அந்த இடம் வந்ததும் வேனில் இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கையாலும் முகத்தைத் தடவி ஆமீன் சொல்வார்கள். ஓட்டுநரும் சொல்லியாக வேண்டும். அனார்கான் வேகத்தைக் குறைக்கவே மாட்டாள். வலது கையை மட்டும் எடுத்து, நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே இழுப்பு, மறுபடி கை ஸ்டியரிங்கில். ஒரு நாளைக்கு ஆறு தடவை, பதினாலு வருஷம்.

மருத்துவக் குழு அவளை உட்கார வைத்து, எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லி, கடைசியில் பயணிகளை ஏற்றி ஓட்ட அனுமதி கிடையாது என்று முத்திரை குத்தி அனுப்பியது. தடத்தில் அவளுக்கு இருந்த இடம் ஷார்ஷெனுக்குப் போனது. ஷார்ஷென் வேறு யாருமில்லை, அவள் ஓரகத்தி நசீபாவின் தம்பி. வேனையும் விற்றாயிற்று. வாங்கினவன் புது இருக்கை போட்டுக்கொள்வதாகச் சொல்லி ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிப் போட்டான். அதை அவள் விடவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டாள். கோழிகள் அதில் முட்டையிட ஆரம்பித்தன.

பிழைப்புக்குச் சம்சா. கறியும் வெங்காயமும் வைத்து மடித்து, அடுப்பில் ஒட்டிச் சுட்டு, கூடையில் போட்டுத் துணியால் மூடிக்கொண்டு சந்தையைச் சுற்றுவாள். அப்படித்தான் தோரோனின் கிளப்புக்குப் போனாள். சந்தைக்குப் பின்னால், செருப்புத் தைக்கிற கடைக்கு மேலே, கணினிகளை வரிசையாகப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற இடம் அது. மூலையில் இரண்டு இருக்கை மட்டும் வேறு மாதிரி இருந்தன. முன்னால் ஸ்டியரிங், கீழே பிரேக், ஆக்சிலேட்டர், கிளட்ச். திரையில் பந்தயக் கார். மதியச் சவாரி முடித்த வேன் ஓட்டுநர்கள் அதைச் சூழ்ந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் ஓட்டியது போதாமல் இங்கே வந்தும் ஓட்டுகிற ஆட்கள்.

அனார்கான் கூடையை இறக்கி வைத்தாள். யாரையும் கேட்காமல் காலியாக இருந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, அது சம்சா அடுப்பு இல்ல. எந்திரி," என்றான் ஷார்ஷென்.

"தடத்துல நீ ஓட்டுற இடமும்தான் உன்னுது இல்ல. எந்திரின்னா எந்திரிக்கிறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கியரைப் போட்டாள். முதல் வளைவிலேயே நேராகப் போய்ச் சுவரில் மோதினாள். அதற்கும் சிரித்தார்கள்.

"ஒத்தைக் கண்ணுல தூரம் தெரியாதுக்கா. டாக்டரே சொன்னாரில்ல?"

"திரையில ஏதுடா தூரம்? அது தட்டை. இங்க உனக்கும் ஒத்தைக் கண்ணுதான், எனக்கும் ஒத்தைக் கண்ணுதான்."

தோரோன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தினம் நாலு சம்சா கொடுத்தால் அரை மணி நேரம் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொன்னான். அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் விடவில்லை. கண் மறந்ததைக் கால் மறக்கவில்லை. பிரேக்கை எங்கே விட வேண்டும், எங்கே தொட வேண்டும் என்பதெல்லாம் வேனில் கற்றதுதான். வீட்டுக்கு வரும்போது அவள் நடையே வேறாக இருந்தது. தெமிர்குல் கவனித்தார்.

அக்டோபர் கடைசியில் தோரோன் சுவரில் ஒரு தாள் ஒட்டினான். குளிர்காலம் முழுக்கப் போட்டி. பன்னிரண்டு பேர். அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் ஓட்ட வேண்டும். பதினொரு பெயர் ஏற்கெனவே விழுந்துவிட்டது, எல்லாம் தடத்தில் ஓட்டுகிறவர்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு ஒரு நிபந்தனை: டிசம்பர் முதல் ஞாயிறு நண்பகலுக்குள், குறிப்பிட்ட பாதையில் ஒரு சுற்றை ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடிக்குள் முடிக்க வேண்டும். அதுவும் சொந்த மிஷினில். கிளப்பின் இரண்டு இருக்கையையும் நவம்பர் முழுக்க ஷார்ஷெனின் கூட்டாளிகள் முன்பதிவு செய்துவிட்டார்கள்.

"சொந்த மிஷின் இல்லாதவங்க?" என்று கேட்டாள்.

"சம்சா கொண்டு வரலாம்," என்றான் ஷார்ஷென்.

அவள் கூடையைத் தூக்கித் தோளில் வைத்தாள். "இன்னைலேருந்து உனக்கு அதுவும் கிடையாது." பிறகு தோரோனிடம் திரும்பினாள். "அந்தப் பன்னெண்டாவது இடத்துல பென்சில்ல என் பேரை எழுதி வை."

"அக்கா, மிஷினு?"

"அது என் கவலை."

கவலைதான். வீட்டில் இருந்த காசு முழுவதும் குதிரைக்கு என்று எடுத்து வைத்தது. நாலு வீடு சேர்ந்து ஒரு குதிரை வாங்கிக் கொழுக்க வைத்து, நவம்பர் கடைசியில் அறுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். குளிர்காலம் முழுக்க அந்தக் கறிதான். அறுத்தபின் ஒவ்வொரு வீடாக முறை வைத்து மற்றவர்களை விருந்துக்குக் கூப்பிட வேண்டும். நசீபா வீடு, ஷார்ஷென் வீடு, பெரியவர் காசிமாலி வீடு, இவர்கள் வீடு. முப்பத்தெட்டாயிரம் சோம் இவர்கள் பங்கு. தெமிர்குல் பணத்தை எண்ணி அவள் கையில் கொடுத்து, நசீபாவிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

அவள் நசீபா வீட்டுக்குப் போனாள். பணத்தை எடுக்கவில்லை.

"அக்கா, இந்த வருஷம் எங்களுக்குக் குதிரை வேணாம்."

நசீபா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வேணாம்னா? ஏன், பல்லு போச்சா?"

"கம்ப்யூட்டர் வாங்கப் போறேன்."

"என்னது?"

"கார் ஓட்டுறதுக்கு."

நசீபா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுதினால் தாள் கருகிவிடும். குதிரைக்கறி இல்லாத வீட்டில் விருந்தாளி எப்படி உட்காருவான், தெமிர்குல் வெளியில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான், நாற்பத்தேழு வயதுப் பொம்பளை சின்னப் பசங்க விளையாட்டு விளையாடுவாளா, மிச்சப் பங்கை மூணு வீடு எப்படிச் சுமக்கும். கடைசியாகச் சொன்னதில் மட்டும் நியாயம் இருந்தது.

"அதுக்கு மன்னிச்சுக்கோ அக்கா. மத்ததுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்க முடியாது."

அன்று மாலை தெமிர்குலுக்கு விஷயம் தெரிந்தது. அவர் கத்தவில்லை. கத்துகிற மனுஷர் இல்லை. "சனங்க என்ன சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒத்தைக் கண்ணின்னு இப்பவே சொல்றாங்க. அதுக்கு மேல என்ன சொல்லிடப் போறாங்க? நீங்க ஒரு வருஷம் ஆட்டுக்கறி தின்னா செத்தா போயிடுவீங்க?"

அவர் எழுந்து கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த இருக்கையைக் கழுவணும்," என்றார். "கோழி எச்சமா இருக்கு."

பிஷ்கெக்கில் பழைய கணினி விற்கிற வரிசைக்கு நசீபாவும் கூடவே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஓரகத்தியை ஏமாற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம், ஏமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்த இஸ்கார், பெண்கள் இரண்டு பேர் வருவதைப் பார்த்ததும் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிற ஒரு பெட்டியை முன்னால் தள்ளினான்.

"இதைப் பாருங்கக்கா. உள்ள மூணு விசிறி, மூணும் கலர் மாறும். பந்தயத்துக்குன்னே செஞ்சது."

"வெளிச்சம் எரிஞ்சா வேகமா ஓடுமா?"

"அழகா இருக்குமில்ல?"

"நான் என்ன கல்யாண மண்டபமா எடுக்க வந்தேன்? அந்த மூலையில கறுப்பா கிடக்கே, அது என்ன?"

அது ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பெட்டி. உள்ளே நல்ல புராசஸர், பதினாறு ஜிபி ரேம். தோரோன் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்ததும் அதுதான்: ஆபீஸ் பெட்டியாக வாங்கு, கிராபிக்ஸ் கார்டைத் தனியாகப் போடச் சொல்லு, பவர் சப்ளையைப் பார்த்து வாங்கு, அழகுக்குக் காசு கொடுக்காதே. இஸ்கார் முகத்தைச் சுளித்தபடி ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைத் தூசு தட்டி எடுத்து அதில் சொருகினான். திரையில் படம் வந்தது. "பாத்தீங்களா, ஓடுது. கட்டட்டுமா?"

"இப்பவேவா? மேடு ஏத்திக் காட்டு."

"என்ன மேடு?"

"பழைய வேன் வாங்கறப்ப சந்தையில நிக்க வெச்சா பாப்பாங்க? ஏத்தத்துல விட்டு, எஞ்சின் சூடேறுனதும் காது வெச்சுக் கேப்பாங்க. இருக்கறதுலேயே கஷ்டமான பந்தயத்தைப் போடு. அரை மணி நேரம் நிக்காம ஓடட்டும்."

அவள் பையிலிருந்து தேநீர்க் குடுவையை எடுத்தாள், ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள், கணினியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். இஸ்கார் இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் அவள் மூக்கை உறிஞ்சினாள். "கருகுது." பதினெட்டாவது நிமிஷம் பெட்டி பொசுக்கென்று அணைந்தது.

"கரண்டு பிரச்சினையா இருக்கும்," என்றான் இஸ்கார்.

"பக்கத்துக் கடையில எரியுதே. பவர் சப்ளையை மாத்து. இல்லேன்னா அடுத்த பெட்டியை எடு."

அடுத்த பெட்டி முப்பது நிமிஷம் தாங்கியது. விசிறி ஒரே சீராகக் கத்தியது, சூடு கையைச் சுடவில்லை. பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தாள். இஸ்கார், "அக்கா, நீங்க கடை வெச்சா நான் மூடிடறேன்" என்றான்.

அதுவரை எல்லாம் சரிதான். திரை வாங்கும்போதுதான் தப்பு நடந்தது.

நசீபா ஒரு பெரிய தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஐம்பது அங்குலம். "இதை வாங்கு. கறி இல்லாத வீட்டுக்கு வர்றவங்க, எதிர்ச்சுவத்துல இதைப் பாத்தாவது வாயை மூடிக்குவாங்க. இதை வாங்கினா, நான் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய பேசல."

நசீபா பேசாமல் இருப்பது என்பது ஒரு குதிரையை விடப் பெரிய விஷயம். அனார்கான் தலையாட்டிவிட்டாள். தன் வாழ்க்கையில் மற்றவர்களுக்காக வாங்கிய ஒரே சாமான் அதுதான் என்று பிற்பாடு அவளே சொல்லிக்கொள்வாள்.

தொலைக்காட்சி வாசலுக்கு எதிர்ச்சுவரில், மெத்தைகள் அடுக்கிய இடத்துக்கு மேலே ஏறியது. பெரியவர்களை உட்கார வைக்கிற பக்கம் அது. நடுவில் விரிப்பு, விருந்துக்கான இடம். அங்கே போய் ஸ்டியரிங்கை நட்டு வைக்க முடியுமா? ஆகவே கழுவின வேன் இருக்கையை ஒரு கனமான பலகையில் முடுக்கி, வாசல் பக்கச் சுவரோரமாகப் போட்டார் தெமிர்குல். ஸ்டியரிங்கும் பெடலும் தோரோனிடம் இருந்த பழையது. முந்நூறு சம்சா விலை, தவணையில் கொடுத்துக்கொள்ளலாம். பிரேக் பெடலின் ஸ்பிரிங் தொய்ந்து போயிருந்தது. வேனின் அடிப்பாகத்தில் போடுகிற ரப்பர் கட்டை ஒன்றை அவள் அதற்கடியில் திணித்தாள். உண்மையான பிரேக் மாதிரியே கடினமாகிவிட்டது.

ஓட்டினாள். கார் ஓடவில்லை, ஊர்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால், சரி என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரையில் திரும்பியது. கியர் மாற்றினால் சத்தம் முதலில் கேட்டது, படம் பிறகு வந்தது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்ததில், சரியான அளவுக்குக் காட்சியைச் சுருக்கினால் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அகலமாக்கினால் வளைவுகள் எல்லாம் தூரத்தில் தெரிந்து, பக்கத்தில் வந்து மோதின. கிளப்பில் முதல் நாள் சுவரில் மோதினதும் இதனால்தான் என்று அப்போது புரிந்தது. பன்னிரண்டு நாள் போராடியும் இரண்டு நிமிடத்துக்குக் கீழே அவளால் வர முடியவில்லை.

காலைப் புலம்பல் மாறியது. "இந்தத் திரை பொய் சொல்லுது," என்றாள் மாவிடம்.

தோரோனுக்குப் போன் போட்டாள். "டிவி எல்லாம் படத்தை அழகு பண்ணிட்டுத்தான் காட்டும்க்கா, அதான் லேட்டாகுது. அந்த அழகை நிறுத்துற செட்டிங் இருக்கா பாருங்க." இருந்தது. நிறுத்தினாள். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். "எவ்ளோ தள்ளி உட்காந்திருக்கீங்க?" என்று கேட்டான். சொன்னாள். அவன் மறுமுனையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இவளுக்குக் கேட்டது. "அக்கா, சின்னத் திரையா வாங்கி மூஞ்சிக்கிட்ட வைங்க. கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ற மாதிரி. பெரிசு வேணாம், வேகமா இருக்கணும்."

மறுநாள் காலையில் அவள் சுவரிலிருந்து தொலைக்காட்சியைக் கழற்றினாள். ஆணி மட்டும் அங்கேயே நின்றது. போர்வையில் சுற்றி முதுகில் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். வரிசையில் முதலில் நின்றது ஷார்ஷெனின் வேன்.

"அக்கா, அது ரெண்டு ஆள் இடம். ரெண்டு டிக்கெட்."

"எடுத்துக்கோ. வழியெல்லாம் உன் ஓட்டத்தைப் பாத்துக்கிட்டே வர்றேன்."

பார்த்தாள். பார்த்ததை வாயால் சொல்லிக்கொண்டும் வந்தாள். "இங்க மூணாவது கியரு... பிரேக்கு பிந்திடுச்சு தம்பி... கண்ணு ரெண்டு இருந்து என்ன புண்ணியம்." வேனில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கபர்ஸ்தானில் ஆமீன் சொல்லவே மறந்தார்கள். ஷார்ஷென் மட்டும் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையையும் எடுத்துத் தடவிவிட்டு, மறுபடி வேகமெடுத்தான். "ஆமீன் சொல்ல நின்னா நேரமாகாதா?" என்றாள்.

இஸ்கார் போர்வையைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். மூவாயிரம் குறைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டான். அவள் திரைகளை வரிசையாக ஏற்றச் சொன்னாள். மௌஸைப் பிடித்து அம்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விசிறி அடித்தாள். "வால் விடுது." அடுத்தது. "இதுவும் வால் விடுது." ஐந்தாவதில் அம்பு கைக்கு முன்னாலேயே போய் நின்ற மாதிரி இருந்தது. இருபத்துநாலு அங்குலம், நொடிக்கு நூற்று நாற்பத்துநாலு படம், யாரோ உபயோகித்தது. இடது கீழ் மூலையில் உளுந்து அளவில் ஒரு கறுப்புப் புள்ளி செத்துக் கிடந்தது.

"அதனாலதான் ஒம்பதாயிரத்துக்குத் தர்றேன்," என்றான் இஸ்கார்.

"எட்டு. எனக்கு இடது பக்கம் கண்ணே இல்ல, புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அப்ப உங்களுக்குக் குறை இல்லியேக்கா, எதுக்கு விலையைக் குறைக்கணும்?"

"எனக்குக் குறை இல்ல. திரைக்கு இருக்கில்ல?"

எட்டாயிரத்து இருநூறு. அவன் கம்பியையும் சும்மா கொடுத்தான்.

அந்த நேரத்தில் நசீபா இன்னொரு வேலை செய்தாள். குதிரையை அறுத்தாயிற்று. மூன்று வீடு பங்கு போட்டுக்கொண்டது. முதல் விருந்து அனார்கான் வீட்டில், டிசம்பர் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்து, "பங்கு இல்லேன்னா என்ன, வீடு இருக்கில்ல?" என்றாள். தொலைக்காட்சியைத் திருப்பிக் கொடுத்தது அவள் காதுக்கு எட்டிவிட்டது, அதன் பலன் இது. அன்று நண்பகல்தான் கெடு என்பதும் அவளுக்குத் தெரியும். தம்பி சொல்லாமலா இருப்பான்?

"வாங்க," என்றாள் அனார்கான். "எல்லாரும் வாங்க."

இருந்தது நாலு நாள். திரையை வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு விடுகிற இடத்தில், ஒரு இரும்பு மேசைமேல் வைத்தாள். கடைசி விருந்தாளியைக்கூட யாரும் அங்கே உட்கார வைக்க மாட்டார்கள். அவள் வேன் இருக்கையையே அங்கே போட்டாள். கண்ணிலிருந்து திரைக்கு ஐம்பது சென்டிமீட்டர், தையல் டேப்பால் அளந்தது. அளவைத் தோரோனிடம் சொன்னாள், அவன் திரையில் காட்சியின் அகலத்தை ஐம்பத்தாறு பாகைக்கு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னான். நேராக வைத்தால் மூக்கு மறைத்தது. அதனால் திரையை ஒரு கை அகலம் வலப்பக்கம் தள்ளினாள். நடுவில் வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். "உங்க கண்ணு நடுவுல இருக்கு. என் கண்ணு இங்க இருக்கு," என்றாள்.

முதல் சுற்றிலேயே காருக்கு உயிர் வந்தது. கை நினைத்ததும் திரை திரும்பியது. வளைவு இருக்கிற இடத்தில் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து. வெள்ளிக்கிழமை ஐம்பத்துமூன்றரை. சனிக்கிழமை அங்கேயே நின்றுவிட்டது. நேர் பாதைக்குப் பின்னால் வருகிற ஒரு வலது வளைவில் அவளுக்குப் பயம் வந்துவிடுகிறது, சீக்கிரமே பிரேக்கை மிதித்துவிடுகிறாள். அங்கேதான் ஒன்றரை நொடியும் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே எழுந்து ஆட்டுத்தொடையை வேக வைத்தாள், மாவைத் தட்டி நாடா நாடாவாக அறுத்தாள், நாற்பது சம்சா சுட்டாள். திரையில் மிச்சம் வந்த காசில் குதிரைக்குடல் தொத்திறைச்சி ஒரு முழமும் வாங்கி வைத்திருந்தாள், நசீபா வாயில் போட. பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். காசிமாலி பெரியவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்தார். நசீபாதான் கேட்டாள். "என்னடி, டிவி எங்க? நடந்து போச்சா?"

"ரெண்டு டிக்கெட் எடுத்துப் போச்சு. உன் தம்பியைக் கேளு."

பரிமாறினாள். எல்லார் தட்டிலும் கறி விழுந்ததும், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க. எனக்கு இருபது நிமிஷம் வேலை இருக்கு," என்று சொல்லிச் செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு இருக்கையில் ஏறினாள்.

"விருந்துல வீட்டுக்காரி முதுகைக் காட்டி உக்காருவாளா?" என்று நசீபா சீறினாள். தெமிர்குல் எழுந்து தேநீரை ஊற்ற ஆரம்பித்தார். அவர் வீட்டில் அவர் தேநீர் ஊற்றி யாரும் பார்த்ததில்லை.

முதல் சுற்று ஐம்பத்துமூன்று. இரண்டாவதில் சுவரைத் தொட்டுக் கெட்டது. மூன்றாவது ஐம்பத்திரண்டு, புள்ளி ஏழு. கடிகாரம் பதினொன்று ஐம்பத்தேழு. இனி ஒரே ஒரு சுற்று. ஷார்ஷென் கையில் எலும்போடு அவள் இடது பக்கம் வந்து நின்றான். அவளுக்குத் தெரியவே இல்லை. அவன் அந்தப் பக்கம் நின்றது நல்லதாகப் போயிற்று, அவன் முகம் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

பாதி சுற்றில் நல்ல நேரம் காட்டியது. நேர் பாதை ஆரம்பித்தது. அப்போதுதான் காசிமாலி பெரியவர் சாப்பிட்டு முடித்து இரண்டு கையையும் விரித்தார், இறைவன் இந்த வீட்டுக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும் என்று வாழ்த்த ஆரம்பித்தார். எல்லாரும் கையை விரித்தார்கள். ஷார்ஷெனும் எலும்பைக் கீழே வைத்துவிட்டு விரித்தான்.

"அனார், கையை எடுடி!" என்றாள் நசீபா. "பெரியவர் வாழ்த்துறாரு!"

பெரியவரின் "ஆமீன்" வந்தது. அனார்கான் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே இழுப்பு. கை மறுபடி ஸ்டியரிங்கில் விழுவதற்குள் அந்த வலது வளைவு வந்துவிட்டது. சீக்கிரம் பிரேக்கை மிதிக்க அவளுக்கு நேரமே இருக்கவில்லை. மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தாள். கார் வழுக்காமல், முனகிக்கொண்டே உள்ளே திரும்பியது.

கோட்டைத் தாண்டினாள். ஒரு நிமிடம் ஐம்பத்தொன்று, புள்ளி ஆறு.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமீன் சொல்லிட்டேன். இன்னும் யாருக்காவது கறி வேணுமா?"

போன் அடித்தது. தோரோன். "அக்கா, பாத்துட்டேன். பென்சிலை அழிச்சுட்டு பேனாவுல எழுதறேன்."

ஷார்ஷென் எலும்பைத் தேடிக் குனிந்தான். "கடைசி இடம்தானேக்கா," என்றான்.

"கடைசி இடத்துலேருந்துதான்டா எல்லார் முதுகும் நல்லாத் தெரியும்."

அந்தக் குளிர்காலம் அவள் ஏழாவதாக முடித்தாள். ஷார்ஷென் நாலாவது. அதை அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவள் இன்னும் அவனுக்குச் சம்சா கொடுப்பதில்லை. நசீபா ஆறு வாரம் பேசவில்லை, ஏழாவது வாரம் வந்து போட்டி பார்த்தாள், பார்த்துக்கொண்டே ஒரு முழுத் தொத்திறைச்சியைத் தின்று தீர்த்தாள். காலையில் மாவு பிசையும்போது அனார்கான் இப்போது வேறொன்று சொல்கிறாள்: "அந்த ஏழாவது வளைவுல என்ன தப்பு பண்றேன், சொல்லுங்க." தெமிர்குல் தொப்பியை மாட்டுவதற்கு முன்னால் சில நாள் பதிலும் சொல்கிறார். தப்பான பதில்தான்.

காரா-பல்தா பக்கம் போனால் அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சந்தையிலிருந்து மூன்றாவது தெரு, வாசலில் உடைந்த வேன் டயர் நட்டு வைத்திருக்கும். செருப்பை வாசலிலேயே விடாதீர்கள், அவள் பெடலில் சிக்கும். கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். சம்சா கொடுப்பாள், தின்னுங்கள். அவள் ஓட்டிக்கொண்டிருந்தால் இடது பக்கம் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். வலது பக்கமாக வந்து, நேர் பாதை வரும்வரை காத்திருந்து, அப்புறம் வணக்கம் சொல்லுங்கள். ஒரு கையை எடுத்துப் பதில் வணக்கம் சொல்வாள்.